விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தில் வாகனத் திருட்டும் தடுப்பு முறைகளும்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டும் தமிழ்நாட்டின் வட பகுதியில் உள்ள சாலைச் சந்திப்பு நகரங்கள். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் அமைந்த இவற்றில் வாகனத் திருட்டைத் தடுக்க இரண்டு வகை ஏற்பாடுகள் காலப்போக்கில் வளர்ந்தன. முதல் வகை பூட்டு. வண்டியை நகரவிடாமலும் இயந்திரத்தை இயங்கவிடாமலும் செய்வது அதன் வேலை. இரண்டாம் வகை அடையாளம். பதிவு எண், சட்டகத்தில் பொறித்த எண், அவற்றை வைத்திருக்கும் பதிவேடு ஆகியவை இதில் அடங்கும். பூட்டு வண்டியை எடுக்கவிடாமல் தடுக்கிறது. அடையாளம் எடுத்த வண்டியை விற்கவிடாமல் தடுக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய இருசக்கர வாகனங்கள் மிகுந்த, அடுத்த ஆட்சிப்பகுதியின் எல்லை அருகிலேயே உள்ள இந்த வட்டாரத்தில் இரண்டாம் வகையே அதிக முக்கியத்துவம் பெற்றது. இக்கட்டுரை இரண்டின் வரலாற்றையும் கூறுகிறது.

நில அமைப்பு

திண்டிவனத்திலிருந்து சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, மரக்காணம், வந்தவாசி ஆகிய திசைகளுக்குச் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரத்திலிருந்து திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை, பண்ருட்டி ஆகிய திசைகளுக்குச் சாலைகள் செல்கின்றன. விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பும் ஆகும். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களும் ஏறத்தாழ ஒரு முக்கோணமாக அமைந்துள்ளன. எந்த ஓர் ஊரிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் சுமார் 40 கி.மீ. தூரம்தான். இருசக்கர வாகனத்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

இந்த முக்கோணத்தின் ஒரு முனை வேறு ஆட்சிப்பகுதி. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்று அது தனிக் காவல் துறையும் தனிப் போக்குவரத்துத் துறையும் கொண்ட ஒன்றியப் பகுதி. அதன் கிராமங்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களோடு பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. ஒரே சாலையில் போகும்போது தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வருவதை இப்பகுதியினர் நன்கு அறிவர். தேடும் காவலர் ஒரு பதிவேட்டிலும் ஓடிய வண்டி வேறொரு பதிவேட்டின் எல்லையிலும் இருப்பதே நெடுங்காலம் இங்கு நிலவிய அடிப்படைச் சிக்கல்.

திருட்டுக்கு வாய்ப்பான இடங்களும் இந்த நில அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. காலையில் வண்டியை ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்தின் அருகிலோ விட்டுவிட்டுச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குப் போய் இரவில் திரும்புவோர் இரு நகரங்களிலும் ஏராளம். முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், வாரச் சந்தைகள், அமாவாசை தோறும் பெருங்கூட்டம் சேரும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஆகிய இடங்களிலும் வண்டிகள் பல மணி நேரம் ஆள் பார்வையின்றி நிற்கின்றன.

மோட்டார் வண்டிக்கு முன்

உழவு மாடும் வண்டி மாடும் குடும்பத்தின் முதல் சொத்தாக இருந்த காலத்தில் அவற்றின் திருட்டே பெரும் கவலையாக இருந்தது. மாட்டின் தோலில் சூடு போட்டு அடையாளம் வைத்தனர். கொம்பு, சுழி, நிறம் ஆகியவற்றால் மாட்டை அறிந்தனர். தமிழகத்தின் பல பகுதிகளில் ஊர்க்காவல் முறை இருந்தது. தென் மாவட்டங்களில் களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் துப்புக்கூலி என்ற பணம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் ஊதியம் பெறும் அரசுக் காவல் துறையை அமைத்தது. அடையாளம், அதை அறிந்த மனிதர், புகாரைப் பதியும் ஓர் இடம் ஆகிய மூன்றும் பின்னாளில் மோட்டார் வண்டிக்கும் தேவைப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் மிதிவண்டி பரவியது. நகராட்சிகள் மிதிவண்டிக்கு வரி வாங்கிக்கொண்டு உலோக வில்லை கொடுத்தன. வரி வசூலுக்காக வந்த அந்த வில்லை, வண்டி யாருடையது என்று காட்டவும் ஓரளவு உதவியது. வரி நின்றபின் வில்லையும் மறைந்தது. மிதிவண்டிக்கு எந்தப் பதிவும் இல்லாமல் போயிற்று. பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டிகள் வழங்கியபோது ஒரே பள்ளியில் ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான வண்டிகள் நின்றன. தம் வண்டியைத் தெரிந்துகொள்ள மாணவர்கள் பெயர் எழுதியும் நிறம் பூசியும் வைத்தனர். ஒரே மாதிரியான பொருள்கள் பல இருக்கும்போது அடையாளம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பதிவு எண்ணின் வளர்ச்சி

இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அதை அடுத்து 1939இல் விரிவான சட்டம் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 சூலை 1 முதல் செயற்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டு வண்டிகளில் எம் அல்லது டி என்ற எழுத்தில் தொடங்கும் மூன்று ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கம் வரையிலான எண்ணும் இருந்தன. பழைய புல்லட், அம்பாசிடர் வண்டிகளில் அவற்றை இன்றும் காணலாம். புதிய முறையில் மாநில எழுத்தும் அலுவலக எண்ணும் முதலில் வந்தன. விழுப்புரத்துக்கு டிஎன் 32, திண்டிவனத்துக்கு டிஎன் 16, கடலூருக்கு டிஎன் 31, புதுச்சேரிக்கு பிஒய் 01 எனக் குறியீடுகள் அமைந்தன. வண்டி எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைச் சாலையில் நிற்பவரே படித்தறிய முடிந்தது.

ஒரு மாநில வண்டியை மற்றொரு மாநிலத்துக்கு மாற்றும்போது தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறுகிறது. அச்சான்றைத் தருமுன், அந்த வண்டி மீது திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்று காவல் துறையிடம் எழுத்து மூலம் அறிக்கை பெற வேண்டும். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வண்டிகள் அடிக்கடி கைமாறும் இவ்வட்டாரத்தில் இந்தப் பிரிவு முக்கியமானது. ஆனால் காகிதப் பதிவேடுகளின் காலத்தில் இந்தச் சரிபார்ப்பு கடிதம் போய்த் திரும்பும் வேகத்தில்தான் நடந்தது. ஒரு நிலையத்தில் பதிந்த புகார் அடுத்த ஆட்சிப்பகுதியின் சோதனைச் சாவடிக்குச் சேருவதற்குள் வண்டி கைமாறியிருக்க முடியும்.

பூட்டுகளின் வரலாறு

தொடக்கக் காலக் கார்கள் பலவற்றைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினார்கள். சாவி பின்னர் மின்சுற்றைத் திறந்து மூடும் கருவியாக வந்தது. சாவியைத் திருப்பினாலே இயந்திரம் கிளம்பும் முறையைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி கார்களுக்கு ஸ்டீரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. சாவியை எடுத்ததும் ஸ்டீரிங்கோ வண்டியின் ஓட்டமோ பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1970இல் வந்தது.

இந்தியாவின் சிறு நகரங்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது கார் அன்று, இருசக்கர வாகனம். 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்பீல்டு புல்லட், 1972இல் வந்த பஜாஜ் சேத்தக், 1980இல் வந்த டிவிஎஸ் 50, 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 ஆகியவை அடுத்தடுத்துப் பரவின. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருசக்கர வாகனங்களே. ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்பிப் பூட்டும் சைடு லாக் இவற்றின் முதன்மைப் பூட்டாயிற்று. மொபெட்டுகளுக்குச் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுவது வழக்கமாக இருந்தது. சைடு லாக்கின் வலிமை ஒரு சிறிய உலோக முளையின் வலிமைதான். பல ஆண்டுகள் ஓடி, சாவித்துளை தேய்ந்த வண்டியை வேறொரு சாவியும் திறந்துவிடக்கூடும். 100 கிலோ அளவுள்ள வண்டியை இரண்டு மூன்று பேர் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றிவிடவும் முடியும். ஆகவே இருசக்கர வாகனத்தின் பூட்டு திருடனுக்கு நேரத்தைக் கூட்டும் தடையே தவிர முழுப் பாதுகாப்பு ஆகாது.

கார்களில் இந்த நிலையை மாற்றியது இம்மொபிலைசர் என்ற மின்னணுத் தடை. சாவியின் தலைப்பகுதியில் ஒரு சிறு சில்லு உள்ளது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அச்சில்லுக்கு மின்காந்த அலையால் ஆற்றல் தருகிறது. சில்லு தன் மறைகுறியைத் திருப்பி அனுப்புகிறது. குறி பொருந்தினால்தான் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளையும் தீப்பொறியையும் அனுமதிக்கும். சாவித்துளையை உடைத்தாலும் கம்பியை இணைத்தாலும் இயந்திரம் கிளம்பாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபரிலும் ஆஸ்திரேலியா 2001இலும் கனடா 2007 செப்டம்பரிலும் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. நெதர்லாந்தின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இக்கருவி கார் திருட்டை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்ததாகக் கணக்கிட்டனர்.

கட்டாயம் இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கு விற்ற கியா, ஹூண்டாய் கார்களில் சில மாதிரிகளில் இம்மொபிலைசர் இல்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அவற்றை எடுக்கும் முறை சமூக ஊடகக் காணொளிகளில் பரவியதும் திருட்டு பெருகியது. அதே நிறுவனங்களின் கார்கள் கனடாவில் இந்தச் சிக்கலுக்கு ஆளாகவில்லை.

மறைகுறியும் முறியடிக்க முடியாதது அன்று. 40 பிட் நீளக் குறி கொண்ட ஒரு புகழ்பெற்ற சாவிச் சில்லை முறித்துக் காட்டிய ஆய்வை 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சாவியைத் துளையில் நுழைக்கத் தேவையில்லாத கார்கள் வந்தபின், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை நீட்டித்துக் காரைத் திறக்கும் திருட்டும் பல நாடுகளில் தோன்றியது. இந்தியாவில் பெரும்பாலான புதிய கார்களில் இம்மொபிலைசர் உள்ளது. இருசக்கர வாகனங்களில் நெடுங்காலம் அது அரிதாகவே இருந்தது. சாவித்துளையைக் காந்தச் சாவியால் மூடும் மறைப்பு முதலில் பரவியது. 2023 சனவரியில் வந்த ஹோண்டா ஆக்டிவா எச்-ஸ்மார்ட் போன்ற வண்டிகளில்தான் ஸ்மார்ட் சாவியும் இம்மொபிலைசரும் அன்றாட ஸ்கூட்டருக்கு வந்து சேர்ந்தன.

சட்டகத்தில் பொறித்த எண்

எண் பலகையைக் கழற்றி மாற்ற முடியும். ஆகவே வண்டியின் உண்மையான பெயர் அதன் சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண்தான். இன்றைய வண்டிகளில் அது 17 எழுத்து, இலக்கங்களால் ஆனது. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பாமல் இருக்க ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. இந்திய வண்டிகளின் எண் பெரும்பாலும் எம்ஏ முதல் எம்இ வரையிலான எழுத்து இணைகளில் தொடங்குகிறது. பதிவின்போதும் காப்பீட்டின்போதும் இந்த எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது வழக்கம். எளிய முறைதான் என்றாலும் எண் நேராக இருக்கிறதா, திருத்தப்பட்டதா என்பதை அந்த அச்சு காட்டிவிடும்.

எண்ணை அரத்தால் அராவி அழித்தாலும் முழுமையாக மறைவதில்லை. எண்ணை அடித்துப் பொறிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் அழுத்தத்தால் மாறுகிறது. மேற்பரப்பைப் பளபளப்பாக்கி அமிலக் கலவை தடவினால் மாறிய பகுதியும் மாறாத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுகின்றன. அழித்த எண் மங்கலாகத் திரும்பத் தெரிகிறது. அராவியது ஆழமாக இருந்தால் இம்முறை பலிக்காது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வட்டார ஆய்வகம் ஒன்று விழுப்புரத்தில் இயங்குகிறது.

எண்ணை இன்னும் பரவலாகப் பதிக்கும் முறை மைக்ரோடாட் எனப்படும் நுண்புள்ளி. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வண்டியின் எண்ணை அச்சிட்டு, வண்டியின் பல பாகங்களிலும் தெளித்து ஒட்டவைக்கின்றனர். தென் ஆப்பிரிக்கா 2012 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்திய அரசு 2019 சூலையில் இதற்கான வரைவு விதியை வெளியிட்டது.

உயர் பாதுகாப்பு எண் பலகை

கடையில் எழுதி வாங்கும் எண் பலகையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. யாரும் எந்த எண்ணையும் எழுதி வாங்க முடிந்ததால் அதன் பாதுகாப்பு குறைவு. 2001இல் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50ஆம் விதியைத் திருத்தி உயர் பாதுகாப்பு எண் பலகையை அரசு அறிமுகப்படுத்தியது. ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்குகளாலும் மாநிலங்களின் தாமதத்தாலும் அது நடைமுறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உச்ச நீதிமன்றம் பலமுறை தலையிட்டது. இறுதியில் 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே பலகையைத் தர வேண்டும் என்ற விதி வந்தது.

இப்பலகை அலுமினியத்தால் ஆனது. இடப்பக்கம் அசோகச் சக்கரம் கொண்ட 20 மி.மீ. சதுர ஹோலோகிராம் இருக்கும். லேசரால் பொறித்த 10 இலக்கத் தனி எண் உண்டு. எண்களின் மேல் இந்தியா என்ற சொல் ஆங்கிலத்தில் 45 பாகைச் சாய்வில் பதிந்திருக்கும். கழற்றினால் உடையும் பூட்டாணியால் அது வண்டியில் பொருத்தப்படுகிறது. நான்கு சக்கர வண்டிகளின் முன் கண்ணாடியில் மூன்றாவது பதிவு அடையாளமாக ஓர் ஒட்டியும் உண்டு. 2019க்கு முன் வாங்கிய வண்டிகள் பலவற்றில் கடையில் எழுதிய பலகையே இன்னும் இருப்பதால், இந்த ஏற்பாட்டின் பயன் முழுமையாகக் கிட்டவில்லை.

பதிவேடுகள் இணைந்தது

இவ்வட்டாரத்துக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது பதிவேடுகளின் இணைப்பு. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய வாகன் என்ற மென்பொருள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் பதிவுகளை ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தது. 2009இல் ஒப்புதல் பெற்ற குற்றம் மற்றும் குற்றவாளிகள் கண்காணிப்பு வலையமைப்புத் திட்டம் காவல் நிலையங்களை இணைத்தது. 1986இல் தொடங்கிய தேசியக் குற்றப் பதிவுகள் ஆவணக் கூடம் திருடுபோன, மீட்கப்பட்ட வாகனங்களின் பட்டியலைப் பராமரிக்கிறது. பழைய வண்டி வாங்குவோர் அது திருட்டு வண்டியா என்று இணையத்தில் பார்க்க முடிகிறது. தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் இணையச் சேவையிலும் வாகன நிலையை அறியும் வசதி உண்டு. திண்டிவனத்துக் காவலர் புதுச்சேரிப் பதிவெண்ணையும், புதுச்சேரிக் காவலர் விழுப்புரத்துப் பதிவெண்ணையும் நின்ற இடத்திலேயே கைப்பேசியில் பார்த்துவிட முடிகிறது. முக்கோணத்தின் எல்லைக்கோடு தகவலைப் பொறுத்தவரை பெருமளவு அழிந்தது எனலாம்.

2021 பிப்ரவரி முதல் நான்கு சக்கர வண்டிகளுக்குப் பாஸ்டேக் கட்டாயமானபின், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு காரும் லாரியும் நேரத்தோடு பதிவாகின்றன. ஆனால் சுங்கக் கட்டணம் இல்லாத இருசக்கர வாகனங்கள் ஓரப் பாதையில் போய்விடுகின்றன. அவற்றுக்குக் கண்காணிப்புக் கேமராவின் பார்வை மட்டுமே சாட்சி. மிகுதியாகத் திருடுபோகும் வண்டியே இந்தப் பதிவிலிருந்து விடுபட்டுப் போகிறது.

இருப்பிடம் காட்டும் கருவி

அமெரிக்காவின் மாசசூசெட்சில் 1986இல் லோஜாக் என்ற கருவி வந்தது. வண்டியில் மறைவாகப் பொருத்திய வானொலி அலைபரப்பியைக் காவல் துறை பின்தொடர்ந்து கண்டுபிடிக்கும். வெளியே தெரியும் ஸ்டீரிங் கம்பியைக் கண்ட திருடன் பக்கத்து வண்டிக்குப் போய்விடலாம். மறைவான கருவி எந்த வண்டியில் உள்ளது என்று தெரியாததால் அவன் எல்லா வண்டிக்கும் அஞ்ச வேண்டும். இக்கருவி பரவிய நகரங்களில் அதை வாங்காதவர்களின் வண்டிகளும் குறைவாகத் திருடுபோயின என்பதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒருவர் போடும் பூட்டு அவர் வண்டியைக் காக்கிறது. எல்லா வண்டிக்கும் பொதுவான ஏற்பாடு ஊரையே காக்கிறது என்பது இதன் பொருள்.

இந்தியாவில் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் பயணிகள் பேருந்து, வாடகைக் கார் போன்ற பொதுப் பயன்பாட்டு வண்டிகளுக்கு ஏஐஎஸ் 140 என்ற தரத்தின்படி விதிக்கப்பட்டன. பயணிகளின் பாதுகாப்புக்காக வந்த விதி, திருட்டுத் தடுப்புக்கும் உதவுகிறது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மின்சார ஸ்கூட்டர்கள் சிலவற்றில் இக்கருவி வண்டியோடே வருகிறது.

சட்டமும் புகாரும்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு அதே தண்டனையைத் தொடர்கிறது. மீண்டும் குற்றம் செய்து தண்டனை பெறுவோருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு. சரக்கு அல்லது பயணிகள் போக்குவரத்துக்குரிய வண்டியைத் திருடினால் 305ஆம் பிரிவு ஏழாண்டு வரை தண்டனை விதிக்கிறது. அமைப்பு முறையிலான குற்றங்களைக் கூறும் 111ஆம் பிரிவில் வாகனத் திருட்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது.

திருட்டுப் புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவது கட்டாயம் என்பதை 2013இல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் உறுதி செய்தது. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் பெற்று வீடு திரும்புவோர் பின்னர் காப்பீடு கேட்கும்போது இடர்ப்படுவர். எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியாகவும் புகார் தரலாம்; மூன்று நாளுக்குள் கையொப்பமிட வேண்டும். புதுச்சேரியில் வண்டியைப் பறிகொடுத்த விழுப்புரத்துக்காரர் தம் ஊர் நிலையத்திலேயே புகார் செய்ய இப்போது வழி உண்டு.

மீட்ட வண்டியும் உடனே வீடு வருவதில்லை. வழக்கு முடியும் வரை காவல் நிலைய வளாகத்தில் நின்று துருப்பிடிக்கும் வண்டிகள் எல்லா ஊரிலும் காணும் காட்சி. கைப்பற்றிய வண்டிகளை நீண்ட காலம் நிலையத்தில் வைத்திருப்பதில் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியது. புகைப்படமும் பிணைப் பத்திரமும் பெற்று உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம் என்று அது வழி காட்டியது. உரிமையாளர் இதற்கு நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும்.

காப்பீடும் குடும்பத்தின் இழப்பும்

கொத்தனார், பால்காரர், துணி வியாபாரி, கூலி வேலைக்குப் போகும் பெண் ஆகியோருக்கு இருசக்கர வாகனம் அன்றாடப் பிழைப்பின் கருவி. பெரும்பாலும் அது தவணைக் கடனில் வாங்கியது. வண்டி போனாலும் தவணை நிற்பதில்லை.

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்பை மட்டுமே ஈடு செய்யும். திருட்டை ஈடு செய்யாது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்கும் உரிய காப்பீட்டைப் பலர் ஓராண்டுக்கே எடுக்கின்றனர். ஐந்தாண்டுத் தாள் கையில் இருப்பதால் எல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகின்றனர். இரண்டாம் ஆண்டில் வண்டி திருடுபோனால் ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் தொகை ஆண்டுதோறும் குறையும். ஓராண்டு முடிந்த வண்டிக்கு 20 விழுக்காடும், நான்காண்டு முடிந்த வண்டிக்கு 50 விழுக்காடும் தேய்மானம் கழிப்பது வழக்கமான அளவு.

இழப்பீடு கோரும்போது நிறுவனங்கள் இரண்டு அசல் சாவிகளையும், வண்டி கிடைக்கவில்லை என்ற காவல் துறைச் சான்றையும் கேட்கின்றன. புகாரை உடனே காவல் துறையிடம் தந்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 சனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது.

எஞ்சியுள்ள இடைவெளிகள்

பதிவேடு வலுவடைந்தபின் மூன்று இடைவெளிகள் எஞ்சியுள்ளன. முதலாவது, பெயர் மாற்றாமல் வண்டி கைமாறுவது. விற்றவர் 29, 30ஆம் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட, வாங்கியவர் பழைய பெயரிலேயே ஓட்டுகிறார். இதனால் பதிவேட்டில் உள்ளவருக்கும் ஓட்டுபவருக்கும் தொடர்பில்லாமல் போகிறது. அந்த வண்டியால் விபத்து நேர்ந்தால் பதிவில் உள்ளவரே பொறுப்பாளி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருட்டு வண்டியும் இத்தகைய வண்டிகளின் கூட்டத்தில் கலந்துவிட முடிகிறது.

இரண்டாவது, ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள். திருடிய வண்டிக்கு அதே மாதிரியான, அதே நிறமுள்ள மற்றொரு வண்டியின் எண்ணை எழுதிவிட்டால் கைப்பேசிச் சோதனையில் எல்லாம் சரியாகவே தோன்றும். போகாத ஊரிலிருந்து அபராதச் செய்தி வரும்போதுதான் உண்மை உரிமையாளருக்குத் தெரியவரும். அப்போது அபராதத்தைக் கட்டி முடித்துவிடாமல் புகார் செய்வதே முறை. சேசிஸ் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையில் இந்த ஏமாற்று வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, உதிரிபாகம். வண்டியில் எண் பொறித்திருப்பது சட்டகத்திலும் இயந்திரத்திலும் மட்டுமே. சக்கரம், தொட்டி, விளக்கு, பேட்டரி ஆகியவற்றுக்கு அடையாளம் இல்லை. பிரித்துவிட்ட வண்டியைப் பதிவேட்டால் தேட முடியாது. 2021இல் வந்த பழைய வண்டி அழிப்பு விதிகள், பதிவு பெற்ற அழிப்பு நிலையங்கள் வண்டியை ஏற்குமுன் அது திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்கின்றன. சிறு பட்டறைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் நடக்கும் பிரிப்பு இவ்விதிக்கு வெளியே உள்ளது.

நடைமுறையில் உரிமையாளர் செய்யக்கூடியவை சில. பழைய வண்டி வாங்கும்போது சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுவது, பெயரை உரிய நாளுக்குள் மாற்றிக்கொள்வது, திருட்டுக்கான காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்பது, இரண்டாம் சாவியையும் சான்றின் நகலையும் வண்டியில் வைக்காமல் வீட்டில் வைப்பது, வண்டி காணாமல் போன அன்றே முதல் தகவல் அறிக்கை பெறுவது ஆகியவை அவை. சக்கரத்துக்கு ஒரு தனிப் பூட்டு போடுவதும் பயன் தரும். விழுப்புரம் – திண்டிவனம் – புதுச்சேரி முக்கோணத்தில் திருடிய வண்டிக்கு அடுத்த ஊர் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது. அங்கே வாங்க வருபவர் எண்ணைச் சரிபார்த்து மறுத்துவிட்டால் அந்தத் திருட்டுக்கு ஆதாயம் இல்லாமல் போகிறது.